4294967295: இருப்புப் பட்டியலில் வந்த இந்த எண் எந்த வகையைச் சேர்ந்தது?

புறக்கோட்டை அரிசிக்கடை

அனைவருக்கும் வணக்கம். நான் புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் ஓர் அரிசி மொத்த வியாபார நிலையத்தில் கணக்குப் பார்க்கிறேன். கடந்த வாரம் ஒரு நாள் காலையில் கடையின் பழைய இருப்பு மென்பொருளைத் திறந்தபோது, ஒரு வகைச் சம்பா அரிசிக்கு எதிரே, மீதி மூட்டைகள் என்னும் கட்டத்தில் 4294967295 என்ற எண் நின்றது. 429 கோடியே 49 இலட்சத்து 67 ஆயிரத்து 295 மூட்டைகள் எங்கள் கடையில் மட்டுமன்றி இந்த நாட்டிலேயே இருக்க முடியாது. முதல் நாள் மாலை அந்த வகையில் ஒரு மூட்டையும் மிஞ்சியிருக்கவில்லை என்பதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

எண்ணை ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். தரம் 10இல் படிக்கும் என் மகள் அதைப் பார்த்துவிட்டு, முதலில் அதன் காரணிகளைக் கண்டுபிடிப்போம் என்றாள். கடைசி இலக்கம் 5 ஆதலால் அது ஐந்தால் வகுபடும். இலக்கங்களைக் கூட்டினால் 57, அதையும் கூட்டினால் 12, பின்னர் 3. ஆகவே மூன்றாலும் வகுபடும், ஒன்பதால் வகுபடாது. மூன்றால் வகுக்க 1431655765 வந்தது. அதை ஐந்தால் வகுக்க 286331153 வந்தது. அதற்கு மேல் 7, 11, 13 ஆகியவை சரிவரவில்லை, ஆனால் 17 சரியாகப் போய் 16843009ஐத் தந்தது. பிறகு நெடுநேரம் ஒன்றும் கிடைக்கவில்லை. இருவரும் மாறி மாறி வகுத்துக்கொண்டே போய், 257 என்ற காரணியைப் பிடித்தபோது இரவு பதினொரு மணியாகிவிட்டது. எஞ்சியது 65537. அதை 53 வரையுள்ள முதன்மை எண்களால் வகுத்துப் பார்த்தோம், ஒன்றும் போகவில்லை.

ஆக 3, 5, 17, 257, 65537 என்ற ஐந்து எண்கள் கிடைத்தன. அவை ஒவ்வொன்றிலும் ஒன்றைக் குறைத்தால் 2, 4, 16, 256, 65536 வருவதையும், அவற்றுள் ஒவ்வொன்றும் தனக்கு முன்னுள்ளதன் வர்க்கமாக இருப்பதையும் மகள்தான் கவனித்தாள். இது தற்செயலாக நேர்ந்திருக்க முடியாது என்று இருவருக்கும் தோன்றுகிறது. 65537 உண்மையில் ஒரு முதன்மை எண்தானா? இந்த ஒழுங்கு எங்கிருந்து வருகிறது? இந்தப் பெரிய எண்ணைக் கணிதத்தில் எந்த வகையில் சேர்ப்பார்கள்? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவராக இருப்போம்.

கொட்டாஞ்சேனை நிரலாளர்

வணக்கம் அண்ணா. எண் எப்படி அங்கே வந்தது என்பதை நான் சொல்கிறேன்; அதன் உள்ளமைப்பைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

கணினி ஒரு முழு எண்ணை வைத்துக்கொள்வதற்குப் பெரும்பாலும் 32 பிட் இடத்தை ஒதுக்கும். ஒவ்வொரு பிட்டிலும் 0 அல்லது 1 மட்டுமே இருக்கலாம் என்பதால், அந்த இடத்தில் 2³², அதாவது 4294967296 வெவ்வேறு நிலைகளைக் குறிக்க முடியும். அவற்றைச் சுழியத்திலிருந்து எண்ணத் தொடங்கினால் கடைசி நிலை 4294967295 ஆகும். துவித முறையில் எழுதினால் அது முப்பத்திரண்டு ஒன்றுகள் வரிசையாக நிற்கும் எண். பதினறும முறையில் எஃப் என்ற இலக்கம் எட்டுத் தடவை வரும்.

ஐந்து இலக்கங்களைக் கொண்ட ஒரு பழைய வாகனத்தின் தூரமானியை நினைத்துப் பாருங்கள். அது 00000 என்று நிற்கும்போது ஓர் அடி பின்னோக்கிச் சுழற்றினால் 99999 என்று காட்டும். உங்கள் மென்பொருளிலும் அதுவே நடந்திருக்கிறது. இருப்பு 0 ஆக இருக்கையில் யாரோ ஒரு மூட்டைக்கு விற்பனைச் சீட்டுப் போட்டிருக்கிறார்கள். 0இலிருந்து 1 கழிந்ததும் முப்பத்திரண்டு பிட்களும் ஒன்றாகிவிட்டன. இரண்டின் நிரப்பி என்னும் முறைப்படி அதே முப்பத்திரண்டு ஒன்றுகளை −1 என்றும் வாசிக்கலாம். குறியற்ற எண் என்று எடுத்துக்கொண்டால் 4294967295 என்றும் வாசிக்கலாம். உள்ளே இருப்பது ஒன்றுதான், வாசிக்கும் முறைதான் வேறு. உங்கள் மென்பொருளை எழுதியவர் இரண்டாவது முறையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். எண்ணை அழித்துவிட்டு 0 என்று மாற்றிவிடாமல், எந்த மூட்டை வரவு வைக்கப்படவில்லை என்று தேடிப் பாருங்கள். ஒரு மூட்டைதான் குறையும் என்று உறுதியாகச் சொல்வேன்.

இணைய முகவரிகளில் 255.255.255.255 என்று எழுதப்படுவதும் இதே எண்தான்; முப்பத்திரண்டு பிட்களை எட்டெட்டாகப் பிரித்து வாசிக்கும்போது ஒவ்வொரு பகுதியும் 255 ஆகிறது. குறியுள்ள எண்களுக்கு மேல் எல்லை இதன் பாதியளவில், 2147483647 இல் நின்றுவிடும்.

வகையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இரண்டின் ஒரு வலுவிலிருந்து ஒன்றைக் கழித்துக் கிடைக்கும் எண்களுக்கு மெர்சென் எண்கள் என்று பெயர். மெர்சென் எண்களிலிருந்து நிறைவெண்கள், அதாவது தம்மைத் தவிர்ந்த காரணிகளின் கூட்டுத்தொகைக்குச் சமமான எண்கள், பிறக்கும் என்று படித்திருக்கிறேன். ஆகவே இதிலிருந்தும் ஒரு நிறைவெண் கிடைக்க வேண்டும்.

வெள்ளவத்தை, ஓய்வுபெற்ற கணித ஆசிரியை

தம்பி, உங்கள் மகள் அந்த ஒழுங்கைத் தானாகவே கண்டுகொண்டாள் என்று வாசித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லாமல் தொடங்க மனமில்லை. நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றிருக்கிறேன். காரணிகளைக் கண்டுபிடித்த பின்னர், அவை ஏன் இப்படி அமைந்தன என்று கேட்ட பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அவள் தரம் 10இல் கற்ற இரு வர்க்கங்களின் வித்தியாசமே இதற்குத் திறவுகோல். 2³² என்பது 65536இன் வர்க்கம். 1 என்பது 1இன் வர்க்கம். ஆகவே 2³² − 1 = 65537 × 65535 ஆகிறது. 65536 என்பது 256இன் வர்க்கம் ஆதலால் 65535 = 257 × 255. அவ்வாறே 255 = 17 × 15, இறுதியில் 15 = 5 × 3. இரவு பதினொரு மணிவரை நீங்கள் வகுத்துப் பெற்ற ஐந்து காரணிகளும் நான்கு வரிகளில் வந்துவிட்டன. ஆனாலும் வகுத்துப் பார்த்ததை வீண் என்று நினைக்கவேண்டாம்; அந்த எண்களைக் கையால் தொட்டறிந்த பிறகுதான் இந்த நான்கு வரிகளின் அருமை தெரியும்.

65537 முதன்மை எண்தானா என்பது அடுத்த கேள்வி. (தமிழ்நாட்டு நூல்களில் இவற்றைப் பகா எண்கள் என்று எழுதுவார்கள்; நம் பாடநூல்களின் வழக்கப்படி நான் முதன்மை எண் என்றே எழுதுகிறேன்.) வழமையான முறைப்படி 65537இன் வர்க்கமூலம் வரைக்கும், அதாவது 256 வரையுள்ள முதன்மை எண்கள் அனைத்தாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். அவை ஐம்பதுக்கு மேல் இருக்கின்றன. ஆனால் இரண்டே இரண்டு வகுத்தல்களில் இதை முடித்துவிடலாம். அதற்கான காரணத்தைப் பொறுமையாகப் பாருங்கள்.

65537 என்பது 2¹⁶ + 1. இதற்கு ஒரு முதன்மைக் காரணி இருந்தால், அந்தக் காரணியால் 2¹⁶ஐ வகுக்கும்போது மீதி −1 என்று கொள்ளலாம். அதை வர்க்கித்தால், 2³²ஐ வகுக்கும்போது மீதி 1 ஆகும். அதற்கு முந்திய எந்த வலுவிலும் மீதி 1 வருவதில்லை, ஏனெனில் மீதி 1 வரும் மிகச் சிறிய வலு 32ஐ வகுக்க வேண்டும், அது 16ஆகவோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் 2¹⁶இன் மீதியும் 1 ஆகியிருக்கும். மறுபுறத்தில், ஒற்றை முதன்மை எண் எதை எடுத்தாலும், அதிலும் ஒன்று குறைந்த வலுவுக்கு இரண்டை உயர்த்தி அதே முதன்மை எண்ணால் வகுத்தால் மீதி 1 வரும் என்பது ஃபெர்மாவின் சிறிய தேற்றம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், காரணியிலிருந்து ஒன்றைக் கழித்தால் கிடைப்பது 32ஆல் வகுபட வேண்டும் என்பது புலனாகும். எனவே 33, 65, 97, 129, 161, 193, 225 ஆகியவற்றை மட்டும் பார்த்தால் போதும். இவற்றுள் முதன்மை எண்கள் 97உம் 193உம் மாத்திரமே. 65537ஐ 97ஆல் வகுக்க மீதி 62, 193ஆல் வகுக்க மீதி 110. ஆகவே 65537 முதன்மை எண்ணேதான்.

3, 5, 17, 257, 65537 ஆகிய இந்த ஐந்துக்கும் ஃபெர்மா முதன்மை எண்கள் என்று பெயர். பிரான்சு நாட்டவரான பியர் டி ஃபெர்மா, இரண்டை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போகும் வலுக்களுக்கு உயர்த்தி ஒன்றைக் கூட்டினால் எப்போதும் முதன்மை எண்ணே வரும் என்ற தம் நம்பிக்கையை 1640இல் கடிதத்தில் எழுதினார். இன்றுவரை அறியப்பட்டுள்ள ஃபெர்மா முதன்மை எண்கள் இந்த ஐந்துதான். உங்கள் கடைக் கணினியில் வந்த எண், அறியப்பட்ட ஃபெர்மா முதன்மை எண்கள் அனைத்தையும் ஒவ்வொரு தடவை பெருக்கிக் கிடைக்கும் எண். வேறு எந்த வகைப்பெயரைச் சொன்னாலும் இந்த ஒரு விவரத்துக்கு ஈடாகாது என்பது என் கருத்து.

நிரலாளர் தம்பி எழுதியதில் ஒரு சிறு திருத்தம் தேவை. 2³² − 1 என்ற வடிவத்தால் இது மெர்சென் எண்களின் குடும்பத்தில் நிற்கிறது என்பது சரி. ஆனால் நிறைவெண் பிறப்பதற்கு அந்த மெர்சென் எண் முதன்மை எண்ணாக இருக்க வேண்டும். அதற்கு முதல் நிபந்தனையாக வலுவே முதன்மை எண்ணாக இருக்க வேண்டும்; 32 அப்படிப்பட்டதல்ல. அவர் போகிற போக்கில் குறிப்பிட்ட 2147483647, அதாவது 2³¹ − 1, உண்மையிலேயே முதன்மை எண். அதைக் கணிதவியலாளர் ஒய்லர் 1772இல் நிறுவினார். அதிலிருந்து பிறப்பது எட்டாவது நிறைவெண்ணாகிய 2305843008139952128. அந்தப் பெருமை குறியுள்ள எண்ணுக்கே உரியது, தம்பி.

உங்கள் எண்ணோ ஒரு சேர்த்தி எண்; ஒற்றை எண்; எந்த முதன்மைக் காரணியும் இரு தடவை வராதபடியால் வர்க்கக் காரணியற்ற எண். காரணிகள் மொத்தம் 32 உண்டு, ஏனெனில் ஐந்து முதன்மை எண்களுள் ஒவ்வொன்றையும் சேர்க்கலாம் அல்லது விடலாம். அந்த முப்பத்திரண்டையும் கூட்டினால் 7304603328 வரும். அதிலிருந்து எண்ணையே கழித்துவிட்டால் எஞ்சுவது 3009636033. இது எண்ணிலும் சிறியது ஆதலால், நிறைவெண், மிகைவெண், குறைவெண் என்ற பழைய கிரேக்கப் பிரிவினைப்படி இது குறைவெண் ஆகும்.

புறக்கோட்டை அரிசிக்கடை

ரீச்சருக்கும் நிரலாளர் தம்பிக்கும் மிக்க நன்றி. தம்பி சொன்னபடியே நடந்திருக்கிறது. அன்று விடியற்காலையில் லொறி வந்து நாட்டாமிமார் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தபோதே ஒரு வாடிக்கையாளர் ஒரு மூட்டையை வாங்கிச் சென்றிருக்கிறார். வரவை நான் பதிவதற்கு முன்னரே விற்பனைச் சீட்டுப் போடப்பட்டுவிட்டது. வரவைப் பதிந்ததும் எண் தானாகவே சரியாகிவிட்டது.

97ஐயும் 193ஐயும் கொண்டு மகள் வகுத்துப் பார்த்தாள். மீதிகள் ரீச்சர் சொன்னவையே. இப்போது அவளுக்கு வேறொரு கேள்வி எழுந்திருக்கிறது. 65536ஐ வர்க்கித்து ஒன்றைக் கூட்டினால் 4294967297 வருகிறது. இது எங்கள் எண்ணைவிட இரண்டுதான் கூட. ஐந்து தடவை பிழைக்காத ஒழுங்கு ஆறாவது தடவையும் பிழைக்காது என்று அவள் நினைக்கிறாள். அப்படியானால் அறியப்பட்டவை ஐந்துதான் என்று ரீச்சர் ஏன் எழுதினீர்கள் என்று கேட்கச் சொன்னாள்.

வெள்ளவத்தை, ஓய்வுபெற்ற கணித ஆசிரியை

பிள்ளை நினைத்ததைத்தான் ஃபெர்மாவும் நினைத்தார். எனவே அவள் நல்ல துணையோடுதான் நிற்கிறாள். அந்த நம்பிக்கை ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் நிலைத்தது. 1732இல் ஒய்லர், 4294967297 = 641 × 6700417 என்று காட்டினார்.

அவர் எப்படி 641ஐ எட்டினார் என்பது இப்போது உங்களுக்கு விளங்கும். மேலே 65537க்குச் செய்த அதே தருக்கத்தை இங்கே செய்தால், காரணியிலிருந்து ஒன்றைக் கழித்தது 64ஆல் வகுபட வேண்டும் என்று வரும். 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641 என்று பத்தாவது படியில் அது நிற்கிறது. இடையில் உள்ள சேர்த்தி எண்களை விட்டுவிட்டால் 193, 257, 449, 577, 641 என ஐந்தே வகுத்தல்கள். பின்னர் 1878இல் லூக்காஸ் என்பவர் 64க்குப் பதிலாக 128 என்று அந்த நிபந்தனையை இறுக்கினார். அதன்படி 257, 641 ஆகிய இரண்டை மட்டும் சோதித்தால் போதும்.

வகுக்காமலே இதை நிறுவும் வழியொன்றும் உண்டு. அதை மாணவர்களுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டிய ஒவ்வொரு தடவையும் நானே புதிதாகப் பார்ப்பதுபோல உணர்ந்திருக்கிறேன். 641ஐ இரண்டு விதமாக எழுதலாம். முதலாவது, 641 = 5 × 128 + 1, அதாவது 5 × 2⁷ + 1. இரண்டாவது, 641 = 625 + 16, அதாவது 5⁴ + 2⁴. முதலாவதிலிருந்து, 5 × 2⁷ஐ 641ஆல் வகுத்தால் மீதி −1. இதை நான்காம் வலுவுக்கு உயர்த்தினால், 5⁴ × 2²⁸இன் மீதி 1. இரண்டாவதிலிருந்து, 5⁴இன் இடத்தில் −2⁴ஐ வைக்கலாம். அப்போது −2³²இன் மீதி 1 ஆகிறது. ஆகவே 2³² + 1 என்பது 641ஆல் மீதியின்றி வகுபடும். பெரிய எண் எதையும் எழுதவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஒழுங்கு உடைந்தாலும் முழுவதும் அழிந்துவிடவில்லை. ஃபெர்மா சொன்ன முறையில் கிடைக்கும் எண்களை, அவை முதன்மை எண்களாயினும் இல்லாவிடினும், ஃபெர்மா எண்கள் என்பார்கள். முதல் ஃபெர்மா எண்ணிலிருந்து வரிசையாகப் பெருக்கிக்கொண்டு வந்தால், விடை எப்போதும் அடுத்த ஃபெர்மா எண்ணைவிட இரண்டு குறைவாக இருக்கும்: 3 என்பது 5ஐவிட இரண்டு குறைவு, 3 × 5 = 15 என்பது 17ஐவிட இரண்டு குறைவு, உங்கள் எண் 4294967297ஐவிட இரண்டு குறைவு. ஆகையால் எந்த இரண்டு ஃபெர்மா எண்களுக்கும் ஒரு பொதுக் காரணி இருந்தால் அது 2ஐ வகுக்க வேண்டும். அவையோ ஒற்றை எண்கள். எனவே அவற்றுக்கு 1ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லை. முதன்மை எண்கள் முடிவற்றவை என்பதற்கு இதிலிருந்து ஒரு நிறுவலைப் பெறலாம். ஒய்லருக்கு 1730இல் எழுதிய கடிதமொன்றில் கோல்ட்பாக் இதைத் தெரிவித்தார். முடிவின்றிப் போகும் ஒரு வரிசையில் ஒவ்வோர் எண்ணும் தனக்கென்று புதிய முதன்மைக் காரணியைக் கொண்டுவருகிறது அல்லவா?

4294967297க்குப் பின்னர் வரும் ஃபெர்மா எண்களில், அதனையும் சேர்த்துத் தொடர்ச்சியாக இருபத்தெட்டு எண்கள் சேர்த்தி எண்கள் என்று நிறுவப்பட்டிருக்கின்றன. ஆறாவது ஃபெர்மா முதன்மை எண் ஒன்று எங்காவது உண்டா என்பது இன்னும் தீராத வினா.

பம்பலப்பிட்டி மாணவி

ரீச்சர் விட்டுவைத்த இரண்டு விடயங்களை நான் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன்.

முதலாவது கேத்திர கணிதம். கவராயத்தையும் அளவுகள் குறிக்கப்படாத நேர்விளிம்பையும் மாத்திரம் கொண்டு எந்த ஒழுங்கான பல்கோணிகளை வரையலாம் என்ற கேள்வி கிரேக்கர் காலத்திலிருந்து இருந்தது. சமபக்க முக்கோணியையும் ஒழுங்கான ஐங்கோணியையும் அவர்கள் வரைந்தார்கள். பதினேழு பக்கங்கள் கொண்டதையும் வரையலாம் என்று 1796இல் கௌஸ் கண்டபோது அவருக்கு வயது 19 நிறைவடையவில்லை. பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றை எண்ணாயின், அது வெவ்வேறு ஃபெர்மா முதன்மை எண்களின் பெருக்கமாக இருந்தால் வரையலாம் என்று அவர் 1801இல் வெளியிட்டார். மற்றவற்றை வரைய முடியாது என்பதை 1837இல் வான்ட்செல் நிறுவினார். ஆகவே வரையத்தக்கவை என்று இன்று அறியப்பட்ட ஒற்றைப் பக்க எண்ணிக்கைகள், அரிசிக்கடை அண்ணாவின் எண்ணுடைய 32 காரணிகளுள் 1ஐ நீக்கி எஞ்சும் 31 மட்டுமே. அவற்றுள் மிகப் பெரியது 4294967295 தான். 65537 பக்கங்களுக்கான அமைப்பை எழுதி முடிக்கவே ஹெர்மெஸ் என்பவர் ஏறத்தாழப் பத்து ஆண்டுகளைச் செலவிட்டார். அந்தக் கையெழுத்துப்படி கேற்றிங்கன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. நம் எண்ணுக்குரிய பல்கோணியை ஒரு பக்கம் ஒரு மில்லிமீற்றராக வரைந்தால் அதன் விட்டம் ஏறத்தாழ 1367 கிலோமீற்றர் வரும். இது பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரையுள்ள நம் தீவின் நீளத்தைப்போல மூன்று மடங்குக்கும் அதிகம்.

இரண்டாவது, ஒய்லரின் சார்பு. ஓர் எண் வரையுள்ள எண்களில், அதனுடன் 1ஐத் தவிரப் பொதுக் காரணி எதுவும் இல்லாதவை எத்தனை என்பதை அது எண்ணிச் சொல்லும். 15ஐ எடுத்தால் 1, 2, 4, 7, 8, 11, 13, 14 என எட்டு. 16ஐ எடுத்தாலும் எட்டு. அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு இந்தச் சார்பு ஒரே விடையைத் தருவது எப்போதும் நிகழ்வதல்ல. நம் எண்ணுக்கு ஐந்து முதன்மைக் காரணிகளிலும் ஒவ்வொன்றைக் குறைத்துப் பெருக்க வேண்டும்: 2 × 4 × 16 × 256 × 65536 = 2³¹, அதாவது 2147483648. அடுத்த எண்ணாகிய 2³²க்கும் விடை 2³¹ தான். இன்னும் ஒரு படி போகலாம். 15க்கு எட்டு, எட்டுக்கு நான்கு, நான்குக்கு இரண்டு, இரண்டுக்கு ஒன்று என்று சங்கிலியாகப் போய், கிடைத்தவற்றைக் கூட்டினால் 8 + 4 + 2 + 1 = 15, தொடங்கிய எண்ணே திரும்பி வருகிறது. நம் எண்ணில் தொடங்கினாலும் 2³¹, 2³⁰ என்று இறங்கி 1இல் முடிந்து, கூட்டுத்தொகை 4294967295 ஆகவே அமைகிறது. இவ்வாறு தன் சங்கிலியின் கூட்டுத்தொகைக்குத் தானே சமமாகும் எண்களைக் கணிதத்தில் ஒரு தனி வகுப்பாகவே வைத்திருக்கிறார்கள். எந்த வகையைச் சேர்ந்தது என்ற அண்ணாவின் கேள்விக்கு இதுவும் ஒரு நேரடியான விடை.

தங்கைக்கு ஒரு பயிற்சி தருகிறேன். பஸ்காலின் முக்கோணியை (ஓரங்களில் 1உம், உள்ளே ஒவ்வோர் இடத்திலும் மேலுள்ள இரண்டு எண்களின் கூட்டுத்தொகையும் வரும் எண் அடுக்கு) எழுதி, ஒற்றை எண் உள்ள இடங்களில் 1ஐயும் இரட்டை எண் உள்ள இடங்களில் 0ஐயும் இட்டு, ஒவ்வொரு வரியையும் துவித எண்ணாக வாசித்துப் பார்க்கட்டும். 1, 3, 5, 15, 17, 51, 85, 255, 257 என்று வரும். கேத்திர கணிதத்தில் சொன்ன அந்த 32 காரணிகளும் முதல் 32 வரிகளில் ஏறுவரிசையில், ஒன்றும் விடுபடாமல் வந்துவிடுகின்றன. முப்பத்திரண்டாவது வரியில் எல்லா இடங்களிலும் ஒன்றே நிற்கும்.

தெஹிவளை வாசகர்

அரிசிக்கடையிலிருந்து வந்த எண் என்பதால் ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். சதுரங்கப் பலகையின் முதற் கட்டத்தில் ஓர் அரிசி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று இரட்டித்துத் தரும்படி அரசனிடம் கேட்ட கதையை நாம் எல்லாரும் சிறுவயதில் கேட்டிருக்கிறோம். பலகையின் முதற் பாதியாகிய 32 கட்டங்களில் சேரும் அரிசிகளின் தொகை சரியாக 4294967295. ஓர் அரிசியை 20 மில்லிகிராம் என்று எடுத்துக்கொண்டால், அது ஏறத்தாழ 85900 கிலோகிராம். 50 கிலோகிராம் மூட்டைகளாகக் கட்டினால் 1718 மூட்டைகள். முதற் பாதியோடு நின்றிருந்தால் அரசன் தன் வாக்கைக் காப்பாற்றியிருக்கலாம்.

முழுப் பலகைக்கும் சேரும் தொகை 2⁶⁴ − 1, அதாவது 18446744073709551615. ரீச்சர் சொன்ன இரு வர்க்கங்களின் வித்தியாசத்தை இங்கேயும் இட்டுப் பார்த்தால், அது 4294967295 × 4294967297 என்று பிரிகிறது. ஒய்லர் உடைத்த எண்ணும் உங்கள் கணினியில் வந்த எண்ணும் அந்தப் பலகையில் ஒன்றையொன்று பெருக்கிக்கொண்டு நிற்கின்றன.

புறக்கோட்டை அரிசிக்கடை

எல்லாருக்கும் எங்கள் நன்றி. நேற்றுச் சனிக்கிழமை மகளும் கடைக்கு வந்திருந்தாள். மேசையில் இருந்த பன்னிரண்டு இலக்கக் கணிப்பானில் 6700417ஐ 641ஆல் பெருக்கி, 4294967297 என்று வந்ததை எனக்குக் காட்டினாள். தெஹிவளை ஐயா சொன்ன 1718 மூட்டைகளை எங்கள் களஞ்சியத்தில் அடுக்க முடியுமா என்று நாட்டாமிமாரிடம் கேட்டாள். கூரையைத் தொட்டாலும் போதாது என்றார்கள்.

பஸ்காலின் முக்கோணியைப் பழைய கணக்குப் பேரேட்டின் எழுதாத பக்கங்களை ஒட்டி எழுதிக்கொண்டு வருகிறாள். முழு எண்களை எழுதத் தேவையில்லை, ஒற்றையும் ஒற்றையும் சேர்ந்தால் இரட்டை என்ற விதியால் 0ஐயும் 1ஐயும் மட்டும் கொண்டே அடுத்த வரியை எழுதிவிடலாம் என்று தானே கண்டுபிடித்துவிட்டாள். பதினேழாவது வரியில் இரு முனைகளிலும் ஒன்றும் இடையில் பதினைந்து சுழியங்களும் வந்தன. அது 65537 என்று வாசித்தாள். முப்பத்திமூன்றாவது வரியும் அதேபோல இரு முனைகளில் மட்டும் ஒன்றைக் கொண்டுவரும் என்றும், அது 4294967297 ஆதலால் கவராயத்தால் வரையத்தக்க எண்களின் ஒழுங்கு அந்த வரியில்தான் முறியும் என்றும் சொல்கிறாள். அந்த வரியையும் எழுதிப் பார்ப்பதற்காக இன்னும் இரண்டு தாள்களை ஒட்டச் சொல்லியிருக்கிறாள்.